ஃபிட்னஸ் தாளில் இல்லாத கேள்வி

இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஒரகடம் தொழிற்சாலைகளின் மனிதவள அலுவலர்களுக்கும், பாதுகாப்பு அலுவலர்களுக்கும், மெடிக்கல் ரூம் மருத்துவர்களுக்கும்



சிறுநீரகமோ கல்லீரலோ இதயமோ மாற்றி வைக்கப்பட்ட ஒரு தொழிலாளி விடுப்பு முடிந்து உங்கள் மேசைமுன் வந்து நிற்கும்போது நீங்கள் கேட்பது ஒரே ஒரு தாள்: ஃபிட்னஸ். மருத்துவமனை முத்திரையோடு 'வேலைக்குத் தகுதியானவர்' என்று ஒரு வரி இருந்தால் போதும். பழைய லைன், பழைய ஷிப்ட், பழைய மெஷின். அந்த வரி இல்லையென்றால் சில வாரம் இழுத்தடிப்பு, பிறகு கணக்கு முடித்து அனுப்பி வைப்பது. இந்த இரண்டு முடிவுகளும் ஒரே பிழையான கேள்வியிலிருந்துதான் பிறக்கின்றன என்பது இந்த மடலின் வாதம். ஒருவருடைய உடல் இன்றைய தேதியில் வேலைக்குத் தாங்குமா என்பதை ஃபிட்னஸ் தாள் சொல்லும். அவர் நிற்கப்போகும் இடத்தின் காற்றில் என்ன மிதக்கிறது, அடுத்த ஒன்றரை ஆண்டுக்குள் அவருக்குக் காய்ச்சல் கண்டால் முதல் நாளே யார் என்ன செய்யப்போகிறார்கள் என்பதை அது சொல்லாது. சொல்லவும் முடியாது, லாரிக்கு எஃப்சி கொடுப்பவர் அது ஓடப்போகும் சாலையைப் பார்ப்பதில்லை, கையெழுத்திட்ட மருத்துவரும் உங்கள் ஷாப் ஃப்ளோரைப் பார்த்ததில்லை. உறுப்பு மாற்றியவர்களைத் தாக்கும் பூஞ்சைத் தொற்றுகளை எடுத்துக்கொண்டால் இந்த இடைவெளி பளிச்சென்று தெரிகிறது. ஆகவே அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

இது எங்கோ நடக்கும் சங்கதி என்று நினைக்க வேண்டாம். இந்தியாவில் சிறுநீரக மாற்று 1971இல் வேலூர் சிஎம்சியில் கால் ஊன்றியது. உயிரோடிருக்கும் உறவினர் தரும் உறுப்பையே பெரும்பாலும் நம்பியிருந்த நிலை தமிழ்நாட்டில் மாறத் தொடங்கியது 2008இல். அந்த ஆண்டு செப்டம்பரில் சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்த பதினைந்து வயது ஹிதேந்திரனின் உறுப்புகளை, திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவர்களான அவனுடைய பெற்றோர் அசோகனும் புஷ்பாஞ்சலியும் கொடுக்க முன்வந்தார்கள். திருக்கழுக்குன்றமும் ஸ்ரீபெரும்புதூரும் அன்று ஒரே காஞ்சிபுரம் மாவட்டம். அடுத்த மாதமே அரசின் மூளைச்சாவு உறுப்புதானத் திட்டம் தொடங்கியது. 2023 செப்டம்பரில், உறுப்பு தந்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று அறிவிக்கப்பட்டது. 2024இல் மட்டும் 268 பேரின் குடும்பங்கள் உறுப்பு கொடுத்திருக்கின்றன. செலவில் பெரும்பங்கை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஏற்பதால், ஒரு தலைமுறைக்கு முன் இந்த அறுவையைக் கனவிலும் நினைத்திருக்க முடியாத குடும்பங்களுக்கும் அது கிடைக்கிறது. பெங்களூரு நெடுஞ்சாலையில் வேலூர் சிஎம்சிக்கும் சென்னை ஜிஹெச்சுக்கும் நடுவே உங்கள் தொழிற்சாலைகள் இருக்கின்றன. இரண்டு பக்கத்திலிருந்தும் உழைக்கும் வயதில் ஆட்கள் திரும்பி வருவார்கள். வருவது நல்லதுதான், அதற்காகத்தான் இத்தனை ஏற்பாடும்.

திரும்பி வருபவரின் உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்க்கலாம். மாற்றிய உறுப்பை உடல் அந்நியமாக எண்ணித் தாக்காமலிருக்க அவர் வாழ்நாள் முழுவதும் எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மாத்திரைகள் சாப்பிட வேண்டும். பெரும்பாலும் டாக்ரோலிமஸ், மைகோஃபினோலேட், பிரெட்னிசோலோன் என மூன்று. இதில் ஒரு வேடிக்கை உண்டு. உறுப்பு மாற்று அறுவையை வழக்கமான சிகிச்சையாக்கிய சைக்ளோஸ்போரின், நார்வே பீடபூமி ஒன்றின் மண்ணில் கிடைத்த பூஞ்சையிலிருந்து வந்தது. மைகோஃபினோலேட்டின் மூலப்பொருள் பெனிசிலியம் பூஞ்சை தருவது. பூஞ்சை தந்த மருந்தே பூஞ்சைக்குக் கதவைத் திறந்து வைக்கிறது. நாம் எல்லோரும் ஒவ்வொரு நாளும் நூற்றுக்கணக்கில் பூஞ்சை வித்துகளைச் சுவாசிக்கிறோம். ஆஸ்பர்ஜில்லஸின் வித்து இரண்டு மூன்று மைக்ரான்தான். மூக்கின் வடிகட்டலைத் தாண்டி நுரையீரலின் கடைசிக் காற்றறைவரை போய்விடும். அங்கே காவலிருக்கும் வெள்ளணுக்கள் அதை விழுங்கிவிடுவதால் நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. ஸ்டீராய்டு அந்தக் காவலை மந்தமாக்குகிறது, டாக்ரோலிமஸ் உதவிக்கு வரவேண்டிய டி-அணுக்களைக் கட்டிப்போடுகிறது. போதாததற்கு, இவ்விரண்டு மருந்தும் சேர்ந்து பலருக்குப் புதிதாகச் சர்க்கரை நோயையும் கொண்டுவருகின்றன. சர்க்கரை ஏறிய உடலும் ஸ்டீராய்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2021இல் நாடே பார்த்தது. அந்த மே மாதம் தமிழ்நாட்டில் கருப்பு பூஞ்சை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கப்பட்டது. ஜூலைக்குள் நாடு முழுவதும் 45 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு அது வந்திருந்தது.

கரோனா போனதோடு கருப்பு பூஞ்சையும் போய்விட்டது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மையில் அது கரோனாவுக்கு முன்பும் இங்கே இருந்தது. 2016 ஜனவரி முதல் 2017 செப்டம்பர் வரை இந்தியாவின் 12 மருத்துவமனைகளில் கருப்பு பூஞ்சையாகிய மியூக்கார்மைகோசிஸ் என்று உறுதியான 465 பேரைத் தொகுத்துப் பார்த்த ஆய்வில், ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. நூற்றுக்கு ஏழெட்டுப் பேர் மாற்று அறுவை செய்துகொண்டவர்கள். மக்கள்தொகையில் மாற்று அறுவை செய்துகொண்டவர்கள் எவ்வளவு சிறிய பங்கு என்பதை நினைத்தால் அந்த ஏழெட்டின் கனம் புரியும். இந்தியாவில் இந்த நோயின் சுமை வளர்ந்த நாடுகளைப்போல் எழுபது எண்பது மடங்கு என்பது பூஞ்சையியலாளர்களின் மதிப்பீடு. வெளிநாட்டுக் கையேட்டை அப்படியே மொழிபெயர்த்து ஒட்டினால் நமக்குப் போதாது என்பதற்கு இதுவே சான்று.

இப்போது தேதிகளுக்கு வருகிறேன். என் வாதத்தின் முதுகெலும்பு அதுதான். அமெரிக்காவில் 23 மாற்று அறுவை மையங்கள் சேர்ந்து 2001 முதல் 2006 வரை நடத்திய டிரான்ஸ்நெட் கண்காணிப்பு, 16,808 பேரைப் பின்தொடர்ந்தது. ஓராண்டுக்குள் உடலுக்குள் ஊடுருவும் பூஞ்சைத் தொற்று வந்தவர்கள் மொத்தத்தில் 3.1 விழுக்காடு, நுரையீரல் மாற்றியவர்களில் 8.6, சிறுநீரகம் மாற்றியவர்களில் 1.3. உங்களுக்கு முக்கியமானது இந்த விழுக்காடுகளைவிட அவை வந்த காலம். மருத்துவமனைச் சூழலோடு பெரிதும் தொடர்புள்ள கேண்டிடா தொற்றின் நடுமதிப்பு அறுவைக்குப் பின் 103 நாள். காற்றில் வரும் ஆஸ்பர்ஜில்லஸுக்கு 184 நாள். புறா எச்சத்திலும் மண்ணிலும் வாழும் கிரிப்டோகாக்கஸுக்கு 575 நாள். அதாவது பாதிப் பேருக்கு அதற்கும் பிறகு. சிறுநீரகம் மாற்றிக்கொண்ட தொழிலாளி ஃபிட்னஸ் தாளோடு உங்களிடம் வருவது பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில். மருத்துவமனையின் தொற்றுகள் ஓயும் வேளையில் அவர் வருகிறார். வெளிக்காற்றின் தொற்றுகளுக்கான காலம் அதன் பிறகுதான் விரிகிறது. தாளில் கையெழுத்து விழுந்த அன்று அவர் நிஜமாகவே தகுதியானவர்தான். அந்தத் தகுதி காலாவதியாகும் தேதியைத்தான் யாரும் எழுதவில்லை. இடையில் உறுப்பு நிராகரிப்பு ஏற்பட்டு ஸ்டீராய்டு ஊசி அதிக அளவில் போடப்பட்டால் கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடும். அதுவும் உங்கள் கோப்புக்கு வந்து சேர்வதில்லை.

1.3 விழுக்காடு சிறியதுதானே என்று கேட்கலாம். நோய் அரிது என்பது சரி. வந்தவர்களின் கதி வேறு. அதே கண்காணிப்பில் ஆஸ்பர்ஜில்லஸ் ஊடுருவியவர்களில் ஓராண்டு கழித்து உயிரோடிருந்தவர்கள் 59 விழுக்காடு. நூற்றுக்கு நாற்பது பேர் சாகும் ஒரு விபத்து உங்கள் பிரஸ் ஷாப்பில் ஒரு சிலருக்கே நேரும் என்றாலும் அதை அரிது என்று எந்தப் பாதுகாப்பு அலுவலரும் ஒதுக்க மாட்டார். பூஞ்சை விஷயத்தில் ஒதுக்குவதற்குக் காரணம், அது உங்கள் வளாகத்துக்குள் நடந்ததாகப் பதிவாவதில்லை. எங்கோ ஒரு ஐசியூவில் நிமோனியா என்ற பெயரில் முடிகிறது.

சரி, காற்றில் என்ன இருக்கிறது? கட்டுமானத்துக்கும் ஆஸ்பர்ஜில்லஸுக்கும் உள்ள உறவு மருத்துவமனைகளில் நன்றாக ஆராயப்பட்டது. 2006இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, மருத்துவமனைகளுக்குள் ஏற்பட்ட 53 ஆஸ்பர்ஜில்லஸ் பரவல்களை, 458 நோயாளிகளை, வரிசைப்படுத்திப் பார்த்தது. ஏறத்தாழ பாதிப் பரவல்களுக்குப் பின்னால் இடிப்போ கட்டுமானமோ இருந்தது. காற்றில் வித்துகளின் செறிவு கன மீட்டருக்கு ஒன்றுக்கும் கீழே இருந்தாலும் எதிர்ப்பாற்றல் குன்றியவருக்கு நோய் வரலாம் என்பது அந்த ஆசிரியர்களின் முடிவு. அதனால்தான் நல்ல மருத்துவமனைகளில் ஒரு சுவரை உடைக்கும் முன்பே தொற்று அபாயக் கணிப்பு எழுதச் சொல்கிறார்கள். உங்கள் பகுதியை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1990களின் இறுதியிலிருந்து இந்த மண் தோண்டப்படாத ஆண்டு ஒன்றுமில்லை. இருங்காட்டுக்கோட்டை முடிந்தால் ஒரகடம், ஒரகடம் முடிந்தால் வல்லம் வடகால், பெங்களூரு விரைவுச்சாலை, அடுத்தபடி பரந்தூர் விமான நிலையம் என்று வேலை நீண்டுகொண்டே போகிறது. ஒரே வளாகத்துக்குள் ஒரு ஷெட்டில் உற்பத்தி ஓட, பக்கத்து ஷெட்டில் விரிவாக்கத்துக்குத் தரை உடைபடும். எம்-சாண்ட் லாரிகள் தார்ப்பாய் போர்த்தாமல் போகும். சிப்காட் சாலையில் நின்றால் சட்டைக் காலரைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

கட்டுமானத் தூசி ஒன்றுதான் என்றில்லை. ஷெட் கூரையின் இரும்புச் சட்டங்களில் குடியிருக்கும் புறாக்களின் காய்ந்த எச்சம், அதைக் கூட்டித் தள்ளும்போது பறக்கும் பொடி. மழையில் நனைந்து ஸ்க்ராப் யார்டில் கிடக்கும் அட்டைப்பெட்டியும் மரப் பேலட்டும். ஆண்டுக்கு ஒருமுறை ஃபால்ஸ் சீலிங்கைத் திறந்து ஏசி டக்ட்டைச் சுத்தம் செய்யும் நாள். இவற்றோடு, எல்லா நிறுவனங்களும் பெருமையோடு பார்வையாளருக்குக் காட்டும் பசுமை வளாகத்தின் பின்மூலையில் இருக்கும் கம்போஸ்ட் குழி. ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்யூமிகேட்டஸ் வெப்பத்தை விரும்பும் பூஞ்சை. ஐம்பது டிகிரியில் வேகும் மக்கு உரம் அதற்குச் சொர்க்கம். இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயரில் 47 வயது வெல்டர் ஒருவர் அழுகிய இலைதழை மூட்டையைப் பிரித்துத் தோட்டத்தில் கொட்டிய பின் மூச்சுத்திணறி, ஆஸ்பர்ஜில்லஸ் தொற்றால் இறந்த செய்தி 2008இல் லான்செட் இதழில் வந்தது. உறுப்பு மாற்றாதவர் அவர். வெல்டிங் புகையும் சிகரெட்டும் நுரையீரலைப் பலவீனப்படுத்தியிருக்கலாம் என்று மருத்துவர்கள் கருதினார்கள். உங்கள் வெல்ட் ஷாப்புக்கு இது தொலைவான செய்தி இல்லை.

'பூஞ்சை எங்கும் இருக்கிறது, அவர் வீட்டுச் சுவரிலும்தான் இருக்கும், அதற்குத் தொழிற்சாலை என்ன செய்யும்' என்பது இதற்கு வரும் முதல் மறுப்பு. எங்கும் இருப்பது உண்மை. ஆனால் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருப்பதில்லை. நோய் வருவதும் வராததும் உள்ளே போகும் அளவையும் உடலின் காவலையும் சார்ந்தது. காவலைக் குறைப்பதைத் தவிர மருத்துவருக்கு வழியில்லை, குறைத்தே ஆகவேண்டும். மிச்சமிருப்பது அளவு. அதன் பெரும்பகுதி ஓவர்டைமும் சேர்த்து அவர் விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் நிற்கும் இடத்தில்தான் தீர்மானமாகிறது. சிலிக்கா தூசிக்கும் ஈயத்துக்கும் இதே தர்க்கத்தைத்தான் நீங்கள் ஏற்கெனவே ஏற்றிருக்கிறீர்கள். வெளியிலும் ஈயம் இருக்கிறது என்பதற்காகப் பேட்டரி பிரிவில் அளவெடுப்பதை யாரும் நிறுத்தவில்லை.

அடுத்தது, 'என்-95 கொடுத்துவிடுகிறோம்' என்ற சமாதானம். கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கம்போஸ்ட் குழியைத் தவிர்க்க முடியாமல் கடந்து போகும் ஐந்து நிமிடத்துக்கு அது உதவும். ஆனால் பாதுகாப்பு அலுவலர்களே, நீங்கள் நடத்தும் பயிற்சி வகுப்பில் முதல் படி அபாயத்தை அகற்றுவது, கடைசிப் படி முகக்கவசம் என்று நீங்களே பலகையில் எழுதிக் காட்டுகிறீர்கள். சித்திரை வெயிலில் எட்டு மணி நேரம் யாரும் அதை மூக்கோடு ஒட்டி அணிய மாட்டார்கள் என்பது உங்களுக்கே தெரியும். உறுப்பு மாற்றியவர் விஷயத்தில் மட்டும் கடைசிப் படியிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. அவருக்கு முதல் படியே சாத்தியம், ஏனென்றால் மெஷினை மாற்ற வேண்டியதில்லை, ஆளின் இடத்தை மாற்றினால் போதும். இந்தப் பகுதியில் வடிகட்டிய காற்றில் நடக்கும் எலக்ட்ரானிக்ஸ் அசெம்ப்ளி இருக்கிறது. தர ஆய்வு, ஸ்டோர்ஸ் கணினி, டூல் ரூம் பதிவேடு, டைம் ஆபீஸ், பயிற்சிக் கூடம் என்று தூசியில்லாத வேலைகள் ஒவ்வொரு ஆலையிலும் உண்டு. முதல் ஓராண்டுக்காவது, நிராகரிப்புக்குச் சிகிச்சை நடந்தால் அதற்குப் பிறகும் சில மாதங்களுக்கு, அவரை அங்கே வைக்கலாம். இடிப்பு, தோண்டல், ஸ்க்ராப், கூரைச் சுத்தம், டக்ட் சுத்தம், தோட்டம், கூலன்ட் தொட்டி கழுவுவது ஆகியவற்றுக்கு அனுப்பக் கூடாது. கூலன்ட் ஆவி தனிக் கதை. நாட்பட்ட கூலன்டில் பாக்டீரியாவும் பூஞ்சையும் பெருகும் என்பது மெஷின் ஷாப்பில் திங்கட்கிழமை காலை மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் எவருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மெடிக்கல் ரூம் மருத்துவர்களோடு கொஞ்சம் கூடுதலாகப் பேச வேண்டும், ஏனெனில் பூஞ்சையைவிட வேகமாகக் கெடுதி செய்யக்கூடியது அதற்கான மருந்து. உங்களிடம் வரும் தோல் நோய்களில் முதலிடம் படர்தாமரைக்கு. வியர்வை ஊறிய யூனிஃபார்ம், எட்டு மணி நேரம் கழற்றாத சேஃப்டி ஷூ, ஹாஸ்டலில் பகிர்ந்துகொள்ளும் துண்டு, மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு கலந்த களிம்பு. கடந்த சில ஆண்டுகளாக டெர்பினாஃபினுக்கு மசியாத வகையும் பரவியிருக்கிறது. ஆகவே கை தானாக இட்ரகோனசோலை எழுதுகிறது. சாதாரணத் தொழிலாளிக்கு அது சரியாக இருக்கலாம். டாக்ரோலிமஸ் சாப்பிடுபவருக்கு எழுதினால், அந்த மருந்தைச் சிதைக்கும் ஈரல் நொதியை இட்ரகோனசோல் முடக்கிவிடும்; ரத்தத்தில் டாக்ரோலிமஸின் அளவு மளமளவென்று ஏறும்; மாற்றி வைத்த சிறுநீரகமே அதனால் அடிவாங்கும். வோரிகோனசோல் தொடங்கும்போது டாக்ரோலிமஸை மூன்றில் ஒரு பங்காகக் குறைக்கச் சொல்வது இதனால்தான். படர்தாமரை குணமானதும் மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால், குறைத்து வைத்த அளவு போதாமல் நிராகரிப்பு தலைதூக்கலாம். இரண்டு வாரச் சொறிக்கு எழுதிய சீட்டு, பல லட்சத்தையும் ஒரு குடும்பத்தின் துக்கத்தையும் விலையாகக் கொடுத்து வைத்த உறுப்பைத் தின்றுவிடக்கூடும். மாற்று அறுவை மையத்தைக் கேட்காமல் இந்த வகை மாத்திரை எழுதுவதில்லை என்று ஒரு விதி போதும். உடல்வலிக்குப் போடும் டைக்ளோஃபெனாக் ஊசிக்கும் அதே விதி பொருந்தும்.

காய்ச்சலுக்கு வருவோம். உறுப்பு மாற்றியவருக்கு ஸ்டீராய்டு காய்ச்சலை அமுக்கி வைத்திருக்கும். 100 டிகிரியைத் தொட்டாலே அது பெரிய செய்தி. இங்கே வழக்கமாக நடப்பது: பாராசிட்டமால், பிறகு ஒரு ஆன்டிபயாட்டிக், பத்து நாள் கழித்து எக்ஸ்ரே, அதில் ஒரு நிழல், உடனே காசநோய் சிகிச்சை. காசநோய் நம்மிடம் மிகுதி என்பதால் அந்தச் சந்தேகத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நிழல் பூஞ்சையுடையதாக இருந்தால் வாரங்கள் வீணாகும். அதோடு ரிஃபாம்பிசின் டாக்ரோலிமஸை உடலிலிருந்து விரட்டிவிடும் என்பதால் உறுப்பும் ஆட்டங்காணும். நாள்பட்ட தலைவலியைச் சைனஸ் என்று தள்ளிவிடும் பழக்கமும் இதைப் போன்றதே. கிரிப்டோகாக்கஸ் மூளை உறையைத் தாக்கும்போது பலருக்கு முதலில் இருப்பது அந்தத் தலைவலி மட்டும்தான். முகத்தில் ஒரு பக்கம் வீக்கம், மூக்கில் கருஞ்சீழ், கண் மறைப்பது என்றால் மணிக்கணக்கு. கருப்பு பூஞ்சையில் ஆம்ஃபோடெரிசினும் அறுவையும் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் விலை உண்டு. உங்களால் சிடி ஸ்கேனோ நுரையீரல் திரவப் பரிசோதனையோ செய்ய முடியாது, யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. காய்ச்சல் கண்ட அன்றே, ஷிப்ட் முடியும்வரை காத்திருக்க வைக்காமல், அறுவை செய்த மையத்தோடு தொலைபேசியில் பேசி ஆளை அனுப்பி வைப்பது உங்களால் முடியும். நியூமோசிஸ்டிஸ் என்ற நுரையீரல் பூஞ்சையைத் தடுக்க ஆறு மாதம் முதல் ஓராண்டுவரை தரப்படும் சல்ஃபா மாத்திரையை அவர் 'கோர்ஸ் முடிந்தது' என்று தானாகவே நிறுத்திவிட்டாரா என்று கேட்பதும் முடியும்.

இவ்வளவு தொல்லை எதற்கு, ஒரு தொகை கொடுத்து வீட்டில் இருக்கச் சொல்வதுதானே அவருக்கும் நல்லது என்று ஒரு மறுப்பு, பல நேரம் உண்மையான இரக்கத்தோடு, வைக்கப்படுகிறது. இதற்கு என் பதில் கொஞ்சம் கடுமையானது: அப்படி அனுப்பப்பட்டவருக்குப் பூஞ்சை வரும் வாய்ப்பு கூடுகிறது. வேலை போனால் இஎஸ்ஐ சந்தா நிற்கும். பயன்காலம் முடிந்ததும் மருத்துவ உதவி போகும். மாதந்தோறும் வாங்க வேண்டிய மாத்திரை கைக்காசுக்கு வந்து நிற்கும். நாளொன்றுக்கு இரண்டு வேளை என்பது ஒரு வேளையாகும். நிராகரிப்பு வரும், அதை அடக்க ஸ்டீராய்டு ஊசிகள் ஏறும், அந்த வாரங்களில்தான் பூஞ்சைக்குக் கதவு அகலத் திறக்கும். வீட்டில் இருக்கச் சொன்னவரும் வீட்டில் இருக்கப்போவதில்லை. பிள்ளைகளின் ஃபீஸுக்காக, ஐடி கார்டு கேட்காத கட்டட வேலைக்குப் போவார், தூசியின் நடுமையத்துக்கே போவார். இரக்கம் இருந்தால் அதைக் காட்டுவதற்குச் சட்டமே வழி வைத்திருக்கிறது. மாதம் 21,000 ரூபாய்வரை ஊதியம் பெறுவோருக்கான இஎஸ்ஐயில், தேவையான சந்தாக் காலத்தை நிறைவு செய்தவருக்கு நீண்டகால நோய்களில் ஊதியத்தின் 80 விழுக்காடு, இரண்டாண்டுவரை கிடைக்க வழியுண்டு. நாட்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு அந்தப் பட்டியலில் இருக்கிறது. கணக்கு முடிப்பதற்கு முன் அந்தப் படிவத்தை நிரப்பியிருக்கிறோமா என்று மனிதவளப் பிரிவு தன்னைத்தானே கேட்டுக்கொள்ளட்டும்.

தொழிலாளியே மறைக்கிறாரே, நாங்கள் எப்படி இடம் மாற்றுவது என்பது நியாயமான கேள்வி. மறைப்பதற்குக் காரணம் இருக்கிறது: சொன்னவர்கள் வேலையில் நீடிக்கவில்லை என்பதை அவர் பார்த்திருக்கிறார். நோயின் பெயர் மெடிக்கல் ரூமைத் தாண்டக் கூடாது. மனிதவளப் பிரிவுக்குத் தேவை இன்னின்ன இடத்தில் நிறுத்தக் கூடாது, இன்ன தேதிவரை என்ற இரண்டு வரி மட்டும். ஏன் என்று அவர்கள் அறிய வேண்டியதில்லை, லைன் சூப்பர்வைசர் அறியவே வேண்டாம். கருப்பு பூஞ்சை என்ற சொல்லை 2021இல் கேட்டுப் பயந்த சக தொழிலாளர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட மறுப்பார்கள் என்ற கவலைக்கும் விடை உண்டு: ஆஸ்பர்ஜில்லஸோ மியூக்கார் பூஞ்சையோ கிரிப்டோகாக்கஸோ பக்கத்தில் இருப்பவருக்குத் தொற்றுவதில்லை. உண்மையில் ஆளுக்கு ஆள் எளிதில் பரவக்கூடிய பூஞ்சை படர்தாமரைதான், அதற்காக யாரும் யாரையும் ஒதுக்கியதாகத் தெரியவில்லை.

ஒருவர் இருவருக்காக ஆலையின் நடைமுறையையே மாற்றுவதா என்பது மீதமுள்ள மறுப்பு. நான் கேட்பவற்றில் எதுவும் அந்த ஒருவரோடு நிற்பதல்ல. உங்கள் ஆட்களில் சர்க்கரை நோயாளிகள் எத்தனை பேர் என்று வருடாந்திரப் பரிசோதனை ஏடுகளைப் புரட்டிப் பாருங்கள். கருப்பு பூஞ்சையின் முதல் இரை அவர்கள்தான். ஆஸ்துமாவுக்கும் மூட்டுவாதத்துக்கும் ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின் திரும்பியவர்கள், பழைய காசநோயால் நுரையீரலில் குழி விழுந்தவர்கள், இவர்கள் எல்லோருக்கும் அதே கூரைச் சுத்தமும் அதே டக்ட்டும் பொருந்தும். விரிவாக்க வேலைக்குப் பெர்மிட் எழுதும்போது உயரம், மின்சாரம், தீ ஆகியவற்றோடு தூசித் தடுப்புத் திரையும் தண்ணீர் தெளிப்பும் என்று ஒரு வரி சேர்ப்பதற்குச் செலவே இல்லை. புறா வலை கட்டுவதற்கு ஆகும் தொகை உங்கள் ஆண்டுவிழா ஃப்ளெக்ஸ் செலவைவிடக் குறைவு.

இவ்வளவும் நிரந்தரத் தொழிலாளிக்கு. இந்தப் பகுதியில் உங்கள் கேட்டுக்குள் வருபவர்களில் பெரும்பகுதி கான்ட்ராக்ட், டிரெய்னி, அப்ரண்டிஸ் என்பது உங்களுக்குத் தெரியும். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த 18,720 படுக்கை விடுதியைப் போன்ற பெரிய கட்டடங்களிலும், பத்துக்குப் பத்து வாடகை அறைகளிலும் தங்கியிருப்பவர்கள் அவர்கள். ஐப்பசி அடைமழையில் அந்த அறைச் சுவர்கள் எப்படிக் கருக்கும் என்பதும் தெரியும். அவர்களில் ஒருவருக்கு மாற்று அறுவை நடந்தால் திரும்பி வருவதற்கு ஒரு மேசைகூட இல்லை. ஒப்பந்தம் அவர் மருத்துவமனையில் இருக்கும்போதே முடிந்திருக்கும், ஒப்பந்தக்காரர் வேறு ஆளை அனுப்பியிருப்பார். ஃபிட்னஸ் தாளைக் கேட்பதற்கே அங்கு யாரும் இல்லை. உங்கள் அடுத்த பாதுகாப்புக் குழுக் கூட்டத்தில் இந்த மடலிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: கான்ட்ராக்ட் தொழிலாளி மாற்று அறுவைக்குப் பின் திரும்பினால் அவருடைய இடத்தையும் காய்ச்சலையும் கவனிக்கப்போவது ஒப்பந்தக்காரரா, முதன்மை நிறுவனமா? பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதி, மெடிக்கல் ரூம் சுவரில் ஒட்டி வையுங்கள்.